கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்!

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பச்சைத் தகரப்பெட்டி உண்டு. முப்பத்து நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் தூசி தட்டித் துடைத்தவள் நான். ஆனால் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. ‘பத்திரமெல்லாம் அவர் சமாசாரம்’ என்று இருந்துவிட்டேன். பெருங்காயம் எந்த டப்பாவில், வெந்தயம் எந்த டப்பாவில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன்.

2023-ஆம் வருஷம் ஆடி மாதம் என் கணவர் திடீரென்று காலமானார். காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவுகள் கிளம்பிப் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பட்டா, வீட்டு வரி ரசீது, பாஸ்புத்தகம்... எல்லாம் அவர் பெயரில்தான். பாங்கிக்குப் போனால், “நாமினி போடலியேம்மா, வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்க” என்றார்கள். பட்டாவில் பெயர் மாற்றவும் அதேதான் வேண்டுமாம்.

தாலுகா ஆபீஸ் வாசல் டீக்கடையில் ஒருவர் தானாகவே வந்து பேசினார். “மூவாயிரம் கொடுங்கம்மா. நீங்க அலையவே வேணாம். சான்றிதழ் வீடு தேடி வரும்.” எனக்கு அது பெரிய உபகாரமாகத்தான் பட்டது. பர்ஸைக்கூடத் திறந்துவிட்டேன். நல்ல வேளை, உள்ளே எழுநூறு ரூபாய்தான் இருந்தது!

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏங்க, நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கத்துலயே இ-சேவை மையம் இருக்கே! அங்க கட்டணம் அறுபது ரூபாய். போர்டுலயே எழுதி வெச்சிருக்கான்.”

மூவாயிரம் எங்கே, அறுபது எங்கே!

சர்வர் வரவில்லை!

மறுநாள் என் கொழுந்தனார் துணைக்கு வந்தார். “நீங்க சும்மா உக்காருங்க அண்ணி. எல்லாத்தையும் நான் எழுதியாந்துட்டேன்” என்று ஒரு தாளைக் காட்டினார். நான் அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன். தாளில் நீலமாய் ஏதோ வரிகள் தெரிந்தன, அவ்வளவுதான்.

சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காகிதங்களைப் படம் பிடிக்கும் ஒரு ஸ்கேனர். எதிரே சுடிதார் போட்ட ஒரு பெண். என் மகளைவிட இளையவள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். வருமானச் சான்றிதழுக்கு இரண்டு பேர், சாதிச் சான்றிதழுக்கு ஒரு பையன், பட்டா மாறுதலுக்கு ஒரு பெரியவர். அரை மணியாக வரிசை நகரவே இல்லை. “என்னம்மா ஆச்சு?” என்றேன். “சர்வர் வரலம்மா” என்றாள். ‘இந்தப் பெண்ணுக்கு டீ கொண்டுவருகிற ஆள் வரவில்லை போலிருக்கிறது, பாவம்’ என்று நினைத்துக்கொண்டேன்! இந்த மையம் சென்னையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரோடு பேசினால்தான் வேலை நடக்கும், அதற்குத்தான் சர்வர் என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. நீங்களும் போகும்போது அரை நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மே, ஜூன் மாதங்களில் பரீட்சை முடிவு வந்த சமயமென்றால் முழு நாளே வேண்டும்.

எங்கள் முறை வந்தது. கொழுந்தனார் தாளை நீட்டினார். அந்தப் பெண் மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இவ்வளவுதானாம்மா வாரிசு? வேற யாரும் இல்லியா?”

“அவ்வளவுதான்” என்றார் கொழுந்தனார்.

நானும் தலையை ஆட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் ஆட்டினேன், சகோதரிகளே! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது ஒரு செல்போன் நம்பர்தான். விண்ணப்பிக்கிறவருக்கு முதலில் ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். ‘கேன் நம்பர்’ என்கிறார்கள். ஒரு முறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த சான்றிதழுக்கும் அதே எண்தான். அதற்காக ஆதார் விவரத்தைப் போட்டார்கள். ரகசிய எண் செல்போனுக்கு வருமாம். காத்திருந்தோம், காத்திருந்தோம், வரவே இல்லை. பார்த்தால், என் ஆதாரில் பதிந்திருந்தது என் கணவருடைய நம்பர்! ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் அது அடங்கிப் போய்விட்டது. “உங்க சொந்த நம்பரை ஆதார்ல ஏத்திக்கிட்டு வாங்கம்மா” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டே பெயர்

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை முதல் தடவையாகப் படித்தேன். வாரிசுகள் என்ற இடத்தில் இரண்டே பெயர். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் மகனுடையது.

திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மூத்த மகள் பெயர் இல்லை. கூடத்தில் கட்டிலில் படுத்திருந்த என் மாமியார் பெயரும் இல்லை.

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. 1991-இல் என் அப்பா காலமானபோது நடந்தது ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள். வந்தவர்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு முத்திரைத் தாளைக் கொண்டுவந்து, “இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடும்மா” என்றார். மாவுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் தீபாவளிக்குச் சீர் வருகிறது. ஆனால் அப்பா வீட்டுக் காகிதத்தில் என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா, இல்லையா? இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியாது.

இப்போது அதே காரியத்தை நான் என் பெண்ணுக்குச் செய்யப் போனேனே!

கொழுந்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒன்றும் சூது பண்ணவில்லை. “கட்டிக் கொடுத்த பொண்ணு, பேரைப் போட்டா நாளைக்கு ஒவ்வொண்ணுக்கும் அவ வந்து கையெழுத்துப் போடணும். அம்மாவுக்கு எண்பத்தி மூணு வயசு. அவங்க பேரையும் சேர்த்தா, அப்புறம் இன்னொரு தடவை மாத்தணும். அலைச்சலைக் குறைக்கலாம்னுதான் அண்ணி” என்றார்.

டீச்சரம்மாதான் விளக்கினார். எங்கள் போன்ற இந்துக் குடும்பங்களுக்கு 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் இருக்கிறது. உயில் எழுதாமல் ஓர் ஆண் காலமானால், மனைவி, மகன், மகள், அவரைப் பெற்ற தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. (கிறிஸ்துவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சட்டம்.) ஒருவர் பெயரை மறைத்து வாங்கிய சான்றிதழை அவர் ஆட்சேபித்தால் ரத்துச் செய்துவிடுவார்கள். “உங்க பொண்ணு ‘எனக்குப் பங்கு வேணாம்மா’ன்னு மனசாரச் சொன்னா, அதுக்கு விடுதலைப் பத்திரம்னு ஒண்ணு இருக்கு. சார்பதிவாளர் ஆபீஸ்ல அவளே வந்து எழுதிக் குடுக்கணும். வேணும், வேணாம்னு சொல்றதுக்கே பேரு இருக்கணும்ல?” என்றார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் செய்தேன். தாளில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எனக்குத் திக்திக்கென்று அடித்துக்கொண்டது. பிறகு, “அக்கா பேர் இல்லாம எப்படிம்மா? முதல்ல அதைப் போடு” என்றான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ரேகை தேய்ந்த கதை

ஆதாரில் என் நம்பரை ஏற்றுவதற்கு டவுனில் உள்ள ஆதார் மையத்துக்குப் போனேன். நம்பர் மாற்றக் காகிதம் எதுவும் வேண்டியதில்லை. ஆள் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன். மெஷின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், அப்போதும் இல்லை. “பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே தேஞ்சு போச்சும்மா” என்று சிரித்தார் அங்கிருந்தவர். கடைசியில் கண் பாவையைப் படம் பிடித்துத்தான் வேலை முடிந்தது. உங்களுக்கும் விரல் ஏறாவிட்டால் பயப்படாதீர்கள். கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லுகிறேன். உங்கள் ஆதாரில் உங்கள் கையில் இருக்கும் நம்பர்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கணவர் நம்பரோ, பிள்ளை நம்பரோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மாமியாரிடம் அவருடைய ஆதார் அட்டையைக் கேட்டேன். “எனக்கு எதுக்குடி அது?” என்றார். “உங்க பேரையும் எழுதணும் அத்தை. நீங்களும் அவருக்கு வாரிசுதான்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இரண்டு தடவை சொன்னேன். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தார். தலையணைக்கு அடியில் வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, “எம் புள்ள போனதுக்கப்புறமும் நான் அவனுக்கு அம்மான்னு எழுதுவாங்களா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியம் முடிந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

இரண்டாம் தடவை

இந்தத் தடவை கண்ணாடியோடு போனேன். நான்கு பெயர் எழுதிய புதுத் தாள். நானே எழுதினேன். அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் தன் பக்கமாக இழுத்துப் போட்டு, “இங்க உக்காந்து ஸ்கிரீனைப் பாருங்கம்மா” என்றாள்.

உறவுமுறை என்ற இடத்தில் நான் ‘மாமியார்’ என்று எழுதியிருந்தேன். “உங்களுக்கு மாமியார்தாம்மா. இதுல இறந்தவருக்கு என்ன உறவுன்னு போடணும். தாய்” என்று திருத்தினாள். மகள் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. ஆதாரில் உள்ளபடி மாற்றச் சொன்னேன். முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் அறுபது ரூபாயைக் கொடுத்தேன். ஏனென்றால் பணம் கட்டி அனுப்பிவிட்டால் மையத்தில் எதையும் மாற்ற முடியாதாம். கையில் ஒப்புகைச் சீட்டு கொடுத்தாள். செல்போனுக்கும் தகவல் வந்தது. என் நம்பருக்கு!

விண்ணப்பம் அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. நான்கு நாள் கழித்து அவர் வந்து விசாரித்தார். அக்கம்பக்கத்திலும் கேட்டார். பிறகு வருவாய் ஆய்வாளர், அதன்பின் தாசில்தார். இருபத்தாறாம் நாள் சான்றிதழ் தயார் என்று செல்போன் சொன்னது. மையத்துக்குப் போய் அச்செடுத்து வாங்கினேன். தாசில்தார் மையால் கையெழுத்துப் போடுவதில்லை. கம்ப்யூட்டர் வழியாகவே போடுகிறார். அது செல்லும். உண்மைதானா என்று யார் வேண்டுமானாலும் சான்றிதழ் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். அதைக் கொண்டு பாங்கி வேலையும் பட்டா மாறுதலும் அடுத்தடுத்து முடிந்தன.

நீங்கள் போகும்போது...

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஜெராக்ஸ் மட்டும் போதாது. அசல் காகிதங்களை எடுத்துப் போங்கள். அங்கே ஸ்கேன் செய்துவிட்டு உடனே திருப்பித் தருவார்கள். எண்ணி வாங்கிப் பையில் வைத்த பிறகு எழுந்திருங்கள்.

2. வாரிசுச் சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாரிசுகள் எல்லோருடைய ஆதார் ஆகியவை வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எந்த ஊரில் உயிர் பிரிந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. ஆஸ்பத்திரி டவுனில் என்றால் டவுனில்தான்.

3. பட்டாவில் முழுப் பெயர், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருந்தால் தொல்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். அவசரம் வருவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

4. கட்டணப் பலகையைப் பாருங்கள். வருவாய்த் துறைச் சான்றிதழுக்கு நான் கட்டியது 60 ரூபாய். ரசீது கேட்டு வாங்குங்கள்.

5. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள எண்ணைச் சொன்னால் விண்ணப்பம் யார் மேஜையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுவார்கள். நிராகரித்தால் காரணம் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு காகிதம் குறைவாக இருக்கும். சரி செய்து மறுபடி போடலாம்.

6. வாரிசுச் சான்றிதழ் என்பது இன்னார் இன்னாருக்கு வாரிசு என்று சொல்வது மட்டுமே. சொத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலையில்லை.

பெண்களுக்கு இதே மையத்தில் இன்னும் என்னென்னவோ இருக்கின்றன. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழ், விதவைச் சான்றிதழ், பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு வேண்டிய ‘ஆண் குழந்தை இல்லை’ என்ற சான்றிதழ் எல்லாமே இங்கே விண்ணப்பிக்கலாம். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதிக்கப் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும் உண்டு. கலந்தாய்வு வழியாக இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்கு அதை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. 2010-இல் வந்த திட்டம். பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இன்னொரு சங்கதி. துணைக்கு ஆள் வருவது தப்பில்லை. கொழுந்தனார் வரட்டும், தம்பி வரட்டும். ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் உள்ள நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். “இவ்வளவுதானா?” என்று கேட்டால் தலையை ஆட்டாதீர்கள். “ஒரு நிமிஷம் இருங்க, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், “சத்தமாப் படிச்சுக் காட்டும்மா” என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

சான்றிதழ் வந்த அன்று மகள் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். வாங்கிப் பார்த்தாள். நடந்த எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவள் தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பாட்டி பேரும் இருக்கே!” என்று கூடத்துக்கு ஓடினாள். பாட்டிக்கு ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினாள். தன் பெயர் வந்ததும் அத்தை, “இன்னொருக்கா படி” என்றார்.

பச்சைப் பெட்டியின் சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் உறை போட்டு, மேலே என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை அண்ணன் வீட்டுக்குப் போகும்போது, அந்த 1991-ஆம் வருஷத்து முத்திரைத் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சண்டைக்கு இல்லை. நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு தடவையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போவேன்.